பின்னால் வந்த பொலிஸ் வாகனம்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு மட்டும் என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்பகுதிக்கு வழக்கமாக வருவன மாமி மருமகள் பிணக்கு, பிள்ளையின் படிப்பு, கடன், காணி போன்ற விடயங்கள்தாம். இது வேறு. மலையகத்து ஊரொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது 26. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காக நோயாளிகளின் வீடு வீடாகச் சென்று மருந்துப் பொதிகளைக் கொடுக்கும் வேலை. வேன் ஓட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்து 16 மாதங்களே ஆகின்றன.

ஒரு மாலை நேரம், மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாத பாதையொன்றில் அவரைப் பொலிஸார் மறித்திருக்கின்றனர். "அரை மைல் தூரம் உன் பின்னாலேயே வந்தேன். என் வேகமானி 54 காட்டியது" என்று அந்த உத்தியோகத்தர் சொல்லித் தண்டப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். கமரா இல்லை, கையில் பிடித்துக் காட்டும் கருவியும் இல்லை. பின்னால் வந்த வாகனத்தின் வேகமானி மட்டும்தான். மகனோ, "உம்மா, நான் 40ஐத் தாண்டவில்லை. பெற்றோல் நிலையத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சுற்றுவட்டத்துக்கு வந்தபோது அது என் முதுகுக்குப் பின்னால் நின்றது" என்கிறாராம்.

வாப்பாவின் தீர்ப்பு வேறு. "கோடு கச்சேரி ஏறவா இவனைக் கடல் கடந்து அனுப்பினோம்? நூறு பவுணைக் கட்டிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லு." மூத்த மருமகன் இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறார், அதற்குப் பின்னர் வருகிறேன். தாயின் மனதில் கிடப்பது வேறொன்று: "மகன் தாடி வைத்திருப்பதால்தான் மறித்தார்கள் மௌலவி. நாங்கள் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும்?"

இந்தச் சட்டம் எனக்குத் தெரிந்த சட்டமன்று. என்னோடு அரபுக் கல்லூரியில் ஓதிய நண்பர் ஒருவரின் மகன் அங்கே சட்டத்தரணியாக இருக்கிறார். அவரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார், சில பக்கங்களையும் அனுப்பினார். அவர் சொன்னதையும் நான் படித்து விளங்கிக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்தின் நடைமுறை வேறு. இப்போது பிள்ளைகள் அங்கே இல்லாத வீடு நம்மில் குறைவு என்பதால், ஒரு தாய்க்கு எழுதும் பதில் பலருக்கு உதவலாம்.

முதலில் வாப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, இது நூறு பவுண் சங்கதியன்று.

அங்கே இவ்வாறான குற்றத்துக்கு 100 பவுண் தண்டத்தோடு 3 தண்டப் புள்ளிகளும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏறும். பழைய சாரதிகளுக்கு மூன்று வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால்தான் ஆபத்து. ஆனால் 1995ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட புதிய சாரதிகள் சட்டத்தின்படி, பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு வருடங்களுக்குள் செய்த குற்றங்களுக்காக 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகிவிடும். நீதவான் உத்தரவு ஒன்றும் தேவையில்லை; அது தானாகவே நடப்பது. அதன்பின் பழகுநர் பத்திரம் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் மீண்டும் எழுதித் தேற வேண்டும். சகோதரியின் கடிதத்தின் நடுவே ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: மகனுக்குச் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக ஏற்கெனவே 3 புள்ளிகள் உண்டு. மூன்றும் மூன்றும் ஆறு. வாயை மூடிக்கொண்டு நூறு பவுணைக் கட்டினால் மறுமாதம் மருந்து வேன் ஓட்ட முடியாது. கணக்கிடுவது குற்றம் நடந்த நாளைத்தான் என்பதால், வழக்கை இரண்டு வருடம் கடக்கும்வரை இழுத்தடித்தும் தப்ப முடியாது.

வேகம் குறைவான சிலருக்குப் புள்ளிக்குப் பதிலாக ஒரு வகுப்புக்குப் போகும்படி சொல்வார்கள். 40 மைல் பாதையில் வழக்கமாக 53 வரைக்குத்தான் அந்த வாய்ப்பு. இவருக்கு எழுதியிருப்பது 54. ஒரு மைலில் தவறிப்போயிற்று.

இனி, பின்தொடர்ந்து வேகம் பார்ப்பது என்றால் என்ன? பொலிஸ் வாகனம் முன்னால் போகும் வாகனத்தின் பின்னே ஒரே அளவு இடைவெளியில் சிறிது தூரம் செல்லும். இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் இரண்டுக்கும் ஒரே வேகம். அப்போது பின்னாலுள்ளவரின் வேகமானியைப் பார்த்தால் முன்னாலுள்ளவரின் வேகம் தெரியும். எளிய, நியாயமான முறைதான். ஆனால் அதன் உயிர் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பின்னால் நீங்கள் நடக்கிறீர்கள். சந்தியில் பிள்ளை உங்களுக்கு முப்பது எட்டு முன்னால். கடையடியில் ஐந்து எட்டுத்தான் முன்னால். அப்படியாயின் நீங்கள் பிள்ளையைவிட வேகமாக நடந்திருக்கிறீர்கள். உங்கள் மூச்சிரைப்பை வைத்துப் பிள்ளை ஓடியது என்று சொல்ல முடியாது.

கணக்காகச் சொல்கிறேன். யார் என்பது துணி அளக்கும் அதே யார்தான். ஒரு மைலுக்கு 1760 யார். பொலிஸ் வாகனம் 900 யார் தூரத்தை 54 மைல் வேகத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும்போது வேன் 300 யார் முன்னால். முடியும்போது 50 யார் முன்னால். இடைவெளி 250 யார் குறைந்திருக்கிறது. ஆகவே அதே நேரத்தில் வேன் ஓடியது 650 யார் மட்டுமே. 54ஐ 650ஆல் பெருக்கி 900ஆல் வகுத்தால் வருவது 39. அதாவது பொலிஸ் வேகமானி பொய் சொல்லவில்லை, உத்தியோகத்தரும் பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை. மூவரும் உண்மை சொல்லியும் தண்டப் பத்திரம் மட்டும் பிழையாக இருக்க முடியும். என் ஒன்பதாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கணக்கென்றால் ஓடுகிற பையன் ஒருவன்கூட எழுந்து, "அப்ப துரத்திப் பிடித்த வேகத்தைத்தானே எழுதியிருக்கிறார் சேர்?" என்றான்.

மகன் சொன்ன அந்த வெளிச்சத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். தூரத்தில் தெரிந்தது, பிறகு முதுகுக்குப் பின்னால் நின்றது. இதுதான் அவருடைய வழக்கு. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மகிழ்ந்துவிடக்கூடாது என்று சட்டத்தரணிப் பிள்ளை எச்சரித்தார். உத்தியோகத்தர் நீதிமன்றத்தில் இப்படித்தான் சொல்லுவார்: "முதலில் எட்டிப் பிடித்தேன். பிறகு அரை மைல் தூரம் ஒரே இடைவெளியில் வந்தேன். பிறகு மறிப்பதற்காக நெருங்கினேன்." இது நடக்கக்கூடியதே. மகன் கண்ணாடியில் பார்த்தது முதற்கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மட்டுமாக இருக்கலாம். நடுவில் அரை மைல் அவர் பார்க்காமல் போயிருக்கலாம்.

அப்படியாயின் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூன்றும் நடக்க அந்தப் பாதை போதுமா என்பதே. வேன் உண்மையிலேயே 54இல் ஓடியது என்று உத்தியோகத்தரின் கூற்றையே ஏற்றுக்கொள்வோம். அவருடைய வாகனம் குறுக்குப் பாதையிலிருந்து ஏறும்போது வேன் 200 யார் முன்னால் போய்விட்டது என்போம். அதை எட்ட அவர் 74இல் ஓடினாலும் இருபது வினாடிக்கு மேல் வேண்டும். அதற்குள் அவர் கடக்கும் தூரம் சுமார் 740 யார். நின்ற இடத்திலிருந்து 74க்கு ஏறப் பிடிக்கும் தூரத்தை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. அதன்பின் அரை மைல், அதாவது 880 யார். இரண்டும் சேர்ந்தாலே 1620 யார். பெற்றோல் நிலையத்துக்கும் சுற்றுவட்டத்துக்கும் இடையில் ஒன்றரை மைல் இருந்தால் உத்தியோகத்தர் சொன்னது நடந்திருக்கலாம். முக்கால் மைல்தான் என்றால் நடந்திருக்க முடியாது. சண்டை பிடிக்காமல், குரலுயர்த்தாமல், ஒரு வரைபடத்தை நீதவான்களின் முன் வைத்துவிட்டால் போதும்.

ஆகவே மகன் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பாதையை அளப்பது. இரண்டாவது, அன்று நடந்ததை நேரம், வானிலை, எந்த இடத்தில் வெளிச்சம் கண்டது, எந்த இடத்தில் மறித்தது, உத்தியோகத்தர் சொன்ன வார்த்தை என்று ஒன்றும் விடாமல் எழுதி வைப்பது. ஞாபகம் என்பது நம் விருப்பத்தின் பக்கம் சாயும். ஒரு மாதம் போனால் 42 என்றிருந்தது 38 ஆகிவிடும். நாமும் அதை மனதார நம்பிவிடுவோம். மருந்துக்கடையின் வேனில் எங்கே எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பதியும் கருவி இருக்கிறதா, கண்ணாடியில் கமரா பூட்டியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அத்தகைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துபோகும் என்பதால் இதை இன்றே செய்ய வேண்டும். ஆனால் ஒன்று, அந்தப் பதிவு அவருக்கு எதிராகவும் பேசலாம்.

சட்டத்தில் ஒரு சுவையான பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1865இல் இங்கிலாந்தில் எந்திர வண்டிகளுக்குப் பட்டணத்தில் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல் என்றுதான் எல்லை. அறுபது யார் முன்னால் ஒரு மனிதன் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். 1903இல் மோட்டார் வாகனச் சட்டம் அதை 20 மைலாக உயர்த்தியது. அதே சட்டத்தில், வேகம் பற்றிய ஒரேயொரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். கண்ணால் பார்த்து வேகம் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. சாட்சி பற்றிய பாடங்களை வருடக்கணக்கில் ஓதிய எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது பழைய வகுப்பறையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பொலிஸார் அக்காலத்தில் வேலிக்குப் பின்னால் ஒளிந்து கடிகாரத்தால் நேரம் பிடித்தார்கள். 1905இல் வாகனக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, பொறி இருக்கும் இடங்களில் எச்சரிக்க சைக்கிளில் ஆட்களை நிறுத்தினார்கள். 1910இல் நீதிமன்றம் அப்படி எச்சரிப்பது பொலிஸாரின் கடமையைத் தடுப்பதாகும் என்றது. உடனே சங்கம் உபாயத்தை மாற்றியது: எங்கள் ஆள் உங்களுக்குச் சலாம் போடாமல் நின்றால், வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள்! மனிதன் எங்கும் மனிதன்தான்.

அந்த ஒரு சாட்சி விதி இன்றும் இருக்கிறது, 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின் 89ஆம் பிரிவில். இதைக் கேள்விப்பட்ட சிலர், "ஒரு பொலிஸ்காரன்தானே பார்த்தான், வழக்கு நிற்காது" என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்கிறார்கள். அது பாதி உண்மை. 1950இல் நிக்கலஸ் எதிர் பென்னி என்ற வழக்கில் மேல்நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓர் உத்தியோகத்தர் பின்தொடர்ந்து சென்று தம் வேகமானியைப் பார்த்திருந்தால், அது வெறும் அபிப்பிராயமன்று. அபிப்பிராயத்தோடு வேகமானி காட்டிய அளவும் சேர்ந்த சாட்சி. அதை வைத்துக் குற்றவாளியாகக் காணலாம். அந்த வேகமானி சரிபார்க்கப்பட்டது என்று நிரூபிக்காவிட்டாலும்கூடக் காணலாம். அதை எந்தளவு நம்புவது என்பது நீதவான்களின் விருப்பம். ஆகவே ஒரே சாட்சி என்ற வாதத்தை மகன் மறந்துவிடட்டும்.

வேகமானிச் சான்றிதழைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வீதிப் போக்குவரத்துப் பிரிவின் வாகனங்களில் வழக்கமாகச் சரிபார்த்த வேகமானி இருக்கும். மற்றைய ரோந்து வாகனங்களில் இல்லாமல் இருக்கலாம். சாதாரண வேகமானிகள் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளில் பின்பற்றப்படும் சர்வதேச விதி. டயர் தேய்ந்தாலும் காற்றுக் குறைந்தாலும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனால் எத்தனை? புதிய டயரின் பூ எட்டு மில்லிமீற்றர் உயரம். முழுதும் தேய்ந்தாலும் இரண்டு வீத வித்தியாசம்தான் வரும். 54இல் ஒரு மைல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை. மகனுக்கும் உத்தியோகத்தருக்கும் இடையில் இருப்பது பதினான்கு மைல். அதை டயர் விளக்காது, இடைவெளி ஒன்றே விளக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கை பதினான்கு நாள் கணக்கு. பதினான்கு நாளுக்குள் கடிதம் வராவிட்டால் வழக்கில்லை என்பது கமராவில் அகப்பட்டவர்களுக்கே பெரும்பாலும் பொருந்தும். வீதியிலேயே மறித்து, வழக்குத் தொடரப்படலாம் என்று வாயால் சொல்லிவிட்டால் கடிதம் தேவையில்லை.

அதைவிட ஆபத்து, ஒன்றுமே செய்யாமல் இருப்பது. கையில் கொடுத்த தண்டப் பத்திரத்தைக் கட்டவும் இல்லை, விசாரணை கேட்கவும் இல்லை என்றால் தண்டம் ஒன்றரை மடங்காகிப் பதியப்படும், புள்ளிகளும் ஏறும். எதிர்ப்பவர் எழுத்தில் எதிர்க்க வேண்டும். பத்திரத்தில் குறித்த நாட்களுக்குள், அது வழக்கமாக 28 நாள், நீதிமன்ற விசாரணை வேண்டும் என்று கேட்க வேண்டும். அதன்பின் வரும் அறிவித்தலுக்குக் குறித்த நாட்களுக்குள் குற்றவாளி அல்ல என்று பதில் அனுப்ப வேண்டும். உத்தியோகத்தரின் வாக்குமூலத்தை ஏற்கவில்லை, அவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் அதிலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வராமலே அவருடைய எழுத்தை வாசித்துவிட்டு வழக்கை முடித்துவிடலாம். உத்தியோகத்தரின் வாகனத்தில் கமரா இருந்திருந்தால் அந்தப் படத்தையும் கேட்க வேண்டும். இடைவெளி குறைந்ததா, நிலையாக இருந்ததா என்பதை அதைப்போல் வேறெதுவும் காட்டாது.

விசாரணை நடப்பது நீதவான் நீதிமன்றத்தில். பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்போர் சட்டம் படித்த நீதிபதிகளல்லர். சம்பளமில்லாமல் வந்து உட்காரும் ஊர்ப் பெரியவர்கள் இருவர் அல்லது மூவர். சட்டம் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆலோசகர் இருப்பார். நம் நாட்டில் சமாதான நீதவான் என்றால் பத்திரத்தில் முத்திரை குத்துபவர். அங்கே அவர் வழக்கே விசாரிக்கிறார். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு. மகன் தாம் 39இல் போனதை நிரூபிக்க வேண்டியதில்லை. 40க்கு மேல் போனது நிச்சயம்தானா என்ற சந்தேகத்தை உண்டாக்கினால் போதும்.

கேள்விகளை அவர் சுருக்கமாகக் கேட்கட்டும். எந்த இடத்தில் அளக்கத் தொடங்கினீர்கள்? அப்போது எத்தனை யார் பின்னால்? எந்த இடத்தில் முடித்தீர்கள்? அப்போது எத்தனை யார்? இருட்டில் அந்தத் தூரத்தை எப்படி மதிப்பிட்டீர்கள்? இடையில் வேறு வாகனம் வந்ததா? இவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதினீர்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வந்ததும் அடுத்ததற்குப் போக வேண்டும், விவாதிக்கக் கூடாது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. தவறிப்போயிருக்கலாம் என்பது வேறு, பொய் என்பது வேறு. முன்னதை நீதவான்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தாடி விடயம். சகோதரி, உங்கள் உள்ளம் வெந்துதான் அதை எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாலை இருட்டில் பின்னாலிருந்து வேன் ஓட்டுபவரின் முகம் தெரிந்திருக்குமா என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் தீர்க்கப்படுவது ஏன் மறித்தார்கள் என்பதன்று, எத்தனை மைலில் போனார் என்பது. உத்தியோகத்தர் இழிவாக ஏதும் பேசியிருந்தால் அதற்கு முறைப்பாடு செய்யத் தனி வழி உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தால் இரண்டும் கெடும்.

செலவைப் பற்றி வாப்பா கேட்பார். தோற்றால் 54 மைலுக்கு அங்குள்ள தண்டனை வழிகாட்டியின்படி சுமார் அரைவாரச் சம்பளம் தண்டம், 3 புள்ளி. தண்டத்தின் மேல் 40 வீத மேலதிக அறவீடு. வழக்குத் தொடுத்தவரின் செலவு சில நூறு பவுண். சட்டத்தரணி வைத்தால் அது வேறு; இத்தகைய வழக்குக்கு இலவச சட்ட உதவி கிடைப்பது அரிது. நூறு பவுணோடு போயிருக்க வேண்டியது பல நூறாகலாம். ஏற்கெனவே புள்ளி எதுவும் இல்லாத ஒருவருக்கு, உண்மையாகவே வேகமாகப் போயிருந்தால், கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் புத்தி என்று நானே சொல்வேன். இந்தப் பிள்ளையின் நிலை அப்படியல்ல. கட்டினால் வேலை போவது உறுதி. வழக்காடினால் பணம் போகக்கூடும், வேலை தப்பவும் கூடும்.

மூத்த மருமகனின் யோசனைக்கு வருகிறேன். புள்ளி இல்லாத வேறொருவர், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். மறித்த உத்தியோகத்தர் முகத்தைப் பார்த்திருக்கிறார் என்பதால் இவ்வழக்கில் அது நடக்கவே நடக்காது. ஆனால் கமரா வழக்குகளில் நம்மவர்களும் மற்றவர்களும் இதைச் செய்வதுண்டு என்பதால் சொல்கிறேன். பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூன் 2003இல் வேகமாக ஓட்டியபோது, அந்தப் புள்ளிகளை அவருடைய மனைவி விக்கி பிரைஸ் தம் பெயரில் ஏற்றுக்கொண்டார். மணவாழ்வு முறிந்தபின் விடயம் வெளியே வந்தது. 2013 மார்ச்சில் நீதியைப் பிறழச் செய்த குற்றத்துக்காக இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை. மூன்று புள்ளிக்காக ஒரு வீடே சிறைக்குப் போனது. கணவனுக்காகவோ மகனுக்காகவோ கையொப்பம் வைக்கச் சொல்லி எவராவது கேட்டால், தாயாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இனி எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது. இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனெனில் இது எனக்கும் எழுதக் கடினமாக இருக்கிறது. சகோதரி, இன்றிரவு மகன் பேசும்போது, வாப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், உண்மையாக எத்தனையில் போனாய்?" திட்டாமல் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆங்கில நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறும் முஸ்லிம் குர்ஆனைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்யலாம். அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை ஏந்திக்கொண்டு 39 என்று சொல்ல அவரால் முடியுமா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். முடியாது என்றால் வழக்கு வேண்டாம். வேலை போனாலும் திரும்பப் பரீட்சை எழுதி வாங்கலாம். அந்த மாதங்களில் அவருடைய அறை வாடகைக்கு இங்கிருந்து ஏதாவது அனுப்ப முடியுமா என்று வாப்பாவோடு பேசுங்கள். இரண்டாம் முறை சித்தியடைந்தவர்கள் ஏராளம். முடியும் என்றால், வாப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கடிதத்தில் தண்டப் பத்திரத்தின் திகதியை நீங்கள் எழுதவில்லை. சஞ்சிகை உங்கள் கைக்கு வருமுன் 28 நாளும் கடந்துவிடலாம் என்ற பயத்தில், மேலே சொன்னவற்றின் சுருக்கத்தைத் தனியாகத் தபாலில் அனுப்பிவிட்டேன். சட்டத்தரணிப் பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் அதற்குள் இருக்கிறது. பெற்றோல் நிலையத்துக்கும் சுற்றுவட்டத்துக்கும் இடையில் எத்தனை யார் என்று மகன் அளந்து சொன்னால், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒன்பதாம் ஆண்டுப் பையன் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.